வெட்டு, ஒட்டு, ஜுரம்

“கண்ட பிள்ளைங்களோட காப்பகத்துல விட்டு ஜுரத்தை வாங்கிக் குடுத்தா, ரத்தப் புற்றுநோய் வராம என்ன வரும்?”

வார்டு வாசலில் நாலு பேர் காதில் விழும்படி இதைச் சொன்னவள் குழந்தையின் அத்தை, அப்பாவின் அக்கா. மூன்று வயதுப் பையனின் தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவோடு ஆய்வுக்கூடத்திலிருந்து அப்போதுதான் மேலே வந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யாருங்க உங்களுக்கு அப்படிச் சொன்னது?” என்றேன்.

‘இல்லை’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ரிப்போர்ட் உறையைத் திருப்பி, பின்பக்கம் படம் போட ஆரம்பித்தேன்.

மஜ்ஜையில் பி செல் என்று ஒரு வகை வெள்ளணு வளர்கிறது. நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று அதற்குத் தெரியாது. அதனால் தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி, துண்டுகளை வேறு வரிசையில் ஒட்டி, ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஓர் ஆயுதம் செய்துகொள்கிறது. உடம்பில் மிகச் சில செல்களுக்கே இந்தத் துணிச்சல் உண்டு.

எப்போது வெட்டுவது? அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் சின்னஞ்சிறு மூலக்கூறுகள் சொல்கின்றன. ‘பெருகு’ என்ற சமிக்ஞை இருக்கும்வரை செல் பெருகும். அது விலகினால்தான் கத்தரிக்கோல் வெளியே வரும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துவிடக் கூடாது.

கிருமி வந்தால் அபாயச் சமிக்ஞைகள் மஜ்ஜைவரை ஓடும். அந்த அமளியில் இந்த ஒழுங்கு குலையலாம். ஏற்கெனவே பிசகிய செல் ஒன்றில் வெட்டு தப்பான இடத்தில் விழலாம். பழுது பார்க்க வரும் புரதங்கள் முனைகளை மாற்றி ஒட்டிவிடலாம். அப்படிப் பிசகிய செல் அடங்காமல் பெருகினால், அதுதான் இந்த ரத்தப் புற்றுநோய்.

“முதல் பிசகு அநேகமா இவன் வயித்துல இருக்கும்போதே வந்திருக்கும்” என்றேன். “எத்தனையோ குழந்தைங்க அப்படிப் பிறக்குது, ஒண்ணும் ஆகறதில்ல. ஜுரம் வராத பிள்ளை எங்க இருக்கு? இந்த ஜுரம்தான் காரணம்னு யாராலயும் கை காட்ட முடியாதுங்க. இது யார் தப்பும் இல்ல.”

அத்தை தலையை ஆட்டினாள்.

“ஆக, வயித்துலயும் இவ. ஜுரத்துலயும் இவ. டாக்டரே சொல்லியாச்சு.”

நான் சொன்ன அத்தனையிலிருந்தும் தனக்கு வேண்டிய இரண்டு துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டிக்கொண்டு, அவள் குழந்தையிடம் போய்விட்டாள். என் கையில் பேனா இன்னும் திறந்திருந்தது.

தாய் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“அந்த ஜுரம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் டாக்டர்” என்றாள், மிகத் தணிந்த குரலில். “அந்த வாரம் காப்பகமே மூடியிருந்துச்சு. அண்ணிதான் எங்க வீட்டுக்கு இருமிக்கிட்டே வந்தாங்க. நாலு நாள் இவனை மடியை விட்டு இறக்கல. அஞ்சாம் நாள் இவனுக்கு உடம்பு கொதிச்சுது.”

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“சொல்லிடவா?”

அது எதையும் நிரூபிக்காது. அதை எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். ஆனால் ‘சொல்லுங்க, இப்பவே போய்ச் சொல்லுங்க’ என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று வார்டுக்குள் போனாள். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“அண்ணி.”

“என்ன?”

“காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல. போய்ச் சாப்பிட்டு வாங்க.”

“முழிச்சா என்னைத்தான் தேடுவான்.”

“தேடுவான் அண்ணி. சீக்கிரம் வந்துடுங்க.”