நல்ல தண்ணி

தொண்ணூற்று நாலாம் ஆண்டு மார்கழி. சென்ட் லோரன்டில் இருந்த கராஜுக்குள் பரராசா கொதித்துக்கொண்டு நுழைந்தார். பழைய ஜீப்பைப் பனிக்காலத்துக்கென்று அங்கேதான் திருத்தி எடுத்திருந்தார். இன்று அது இழுவை லொறியில் திரும்பி வந்திருந்தது.

“நாலு சில்லும் இழுக்கும், எந்தச் சினோப் பனியிலையும் ஓடும் எண்டாய், நவம்! வீட்டு வாசலையே தாண்டேல்லை. எஞ்சின் வெடிச்சுப்போச்சு!”

மெக்கானிக் நவம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே ஐஸ் கட்டி.

“அண்ணை, குளிருக்கு உறையாத மருந்தெல்லோ விட்டுத் தந்தனான். அது எங்கை?”

“மருந்தோ? என்னைப் பேயன் எண்டு நினைச்சியோ?” பரராசா பானட்டில் ஓங்கி அடித்தார். “பாசி பிடிச்ச தண்ணியடா, பச்சைப் பசேலெண்டு கிடந்தது! நேற்று அவ்வளவையும் வெளியிலை ஊத்திப்போட்டு, நான்தான் என்ரை கையாலை நல்ல தண்ணி நிரப்பினனான்!”