யாருக்கு சீரியஸ்?

"உங்க ரெண்டு பேர்ல யாருக்கு சீரியஸ்? அத மொதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம்தான் பேனாவத் தொறப்பேன்."

மாரண்டஹள்ளி தபாலாபீஸ் எதிரே, வேப்பமரத்தடியில் மனுவும் தந்தியும் எழுதித் தரும் ஞானராஜ் சலித்துக்கொண்டார். எதிரே நின்ற சென்னப்பனும் அவர் மனைவி காசியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் மூன்று மைல் வெயிலில் நடந்து வந்தவர்கள். இருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

"எனக்குத்தானுங்க," என்றார் சென்னப்பன்.

"நீங்க வாய மூடுங்க," என்றாள் காசியம்மாள். "சார், அந்தக் கடுதாசிய இன்னொருவாட்டி படிங்க."

ஞானராஜ் படித்தார். பட்டாளத்தில் சேர்ந்து ஆறு மாதமாகப் பயிற்சியில் இருக்கும் அவர்களுடைய ஒரே மகன் தீர்த்தகிரி எழுதியது.

'மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு தினமும் பத்து மைல் ஓட்டம். குதிகாலில் தோல் இல்லை. ஹவில்தார் என் கனவிலும் வந்து விசில் ஊதுகிறார். அப்பாவுக்கு சீரியஸ் என்று உடனே தந்தி அடிக்கவும். லீவு கிடைக்காவிட்டால் வேலி தாண்டி ஓடி வந்துவிடுவேன்.'

"ஓடி வந்தா புடிச்சுட்டுப் போயி ஜெயில்ல போட்டுடுவாங்க," என்றார் ஞானராஜ்.

காசியம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "ஐயோ, அதுக்குத்தான் ஓடியாந்தோம். சீக்கிரம் எழுதுங்க. எனக்கு சீரியஸ்னு போடுங்க."

"பையன் அப்பான்னுதானே எழுதியிருக்கான்?" என்றார் சென்னப்பன்.

"நல்லா இருக்குதே! கழுத்துல தாலிய வெச்சுக்கிட்டு, புருசன் சாகக் கெடக்கறாருன்னு நானே தந்தி குடுப்பனா?"

"பொய்க்குத்தானே?"

"பொய்யா இருந்தாலும் எழுதினா எழுதினதுதான். அது பலிச்சுட்டா?"

"உனக்குப் பலிச்சா பரவால்லையா?"

"பூவும் பொட்டுமா போய்ச் சேந்துடுவேன். நாலு பேரு கையெடுத்துக் கும்புடுவாங்க."

ஞானராஜ் பேனா மூடியைத் திறந்தார். "அம்மா பேரே போதும்னா அவன் அப்படியே எழுதியிருக்கலாமே? எதுக்கு அப்பான்னு எழுதினான்?"

காசியம்மாளின் முகம் மலர்ந்தது. "என் பேரப் போட அவனுக்கு மனசு வருமா சார்? மாசி மாசம் வந்தான் பாருங்க. நல்லா ஓடறான்னு பட்டாளத்துல மெச்சி, பத்து நாள் லீவு பரிசாக் குடுத்தாங்களாம். வந்தவன் சும்மா இருந்தானா? அம்மா நூறு வருசம் இருக்கணும்னு தீர்த்தமலைக்குப் போயி மொட்ட போட்டான். மத்தவங்க தலையோட நிறுத்திக்குவாங்க. எம்மவன் ஆச ஆசையா வளத்த மீசையையும் சேத்து எடுத்துட்டான்!"

"எனக்காக ஒரு நகங்கூட வெட்டிக்கல," என்று முணுமுணுத்தார் சென்னப்பன்.

காசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படிப்பட்ட பிள்ளைக்காகச் சாகக் கிடப்பதில் அவளுக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது. 'அம்மா சீரியஸ். உடனே புறப்படு' என்று தந்தி போயிற்று. பட்டாளத்துப் பெரியவருக்கும் ஒன்று போயிற்று.

மூன்றாம் நாள் மகன் வரவில்லை. அரை டிராயர் போட்ட ஒரு போலீஸ்காரர்தான் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பட்டாளத்துக்குப் போன தீர்த்தகிரி வூடு இதுதானா? அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தந்தி வந்திருக்குது. நேர்ல பாத்து எழுதி அனுப்பணுமாம்."

களி கிண்டிக்கொண்டிருந்த காசியம்மாள் துடுப்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப் பாயில் விழுந்தாள். சென்னப்பன் அவளைக் கழுத்துவரை கம்பளியால் மூடி, ஈரத் துணியை நெற்றியில் போட்டார். போலீஸ்காரர் குனிந்து உள்ளே வந்தபோது முனகல் கூரையைத் தொட்டது.

"எத்தன நாளா இப்படி?"

"நாலு நாளாச்சுங்க. கஞ்சித் தண்ணிகூட எறங்கல," என்றார் சென்னப்பன்.

போலீஸ்காரர் மூக்கை உறிஞ்சினார். "அடுப்புல ஏதோ அடி புடிக்குதுங்க."

"எந்திரிச்சுப் போயி களியக் கெளறுங்க!" என்று புருசனிடம் கணீரென்று சொன்ன காசியம்மாள், சட்டென்று நினைவு வந்து மறுபடி முனகினாள். "ஐயோ... சார்... சாகறதுக்குள்ள எம்மவன் மொகத்த ஒருவாட்டி பாத்துடணும். லீவு குடுக்கச் சொல்லி எழுதுங்க சார்..."

போலீஸ்காரர் கையிலிருந்த காகிதத்தை இரண்டு முறை படித்தார். தலையைச் சொறிந்தார்.

"லீவுக்கு முன்னால அவங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்குதும்மா. தீர்த்தகிரியோட அம்மா காசியம்மாள் செத்துப்போச்சுன்னு மாசி மாசமே பத்து நாள் லீவு குடுத்திருக்காங்க. காரியம் முடிச்சு, மொட்டத் தலையும் மழிச்ச மீசையுமா அவன் திரும்பினத அங்க எல்லாரும் கண்ணால பாத்திருக்காங்க. பொய்யின்னா பையனுக்குத் தண்டனை உண்டு. இப்ப சீரியஸா இருக்கற அம்மா யாருன்னு கேட்டிருக்காங்க."

முனகல் நின்றது.

"அதான் மீசையையும் சேத்து எடுத்தானா, படுபாவி!" என்று காசியம்மாள் கம்பளியை வாய்வரை இழுத்து அதற்குள்ளேயே பல்லைக் கடித்தாள். பிறகு ஈரத் துணியைச் சரிசெய்துகொண்டு, முன்னைவிட ஈனமான குரலில் சொன்னாள்:

"எழுதிக்கங்க சார்... காசியம்மா, பாவம், மாசி மாசமே போய்ச் சேந்துட்டா. என் பேரு செல்லி. நான் இவருக்கு ரெண்டாந்தாரம்."