ஐஸ்கட்டி கரைந்த டம்ளர்

இந்தக் கதையை நம்பாதவர்கள் தங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் காதை வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வீட்டுக் கண்ணாடி டம்ளரில் ரம்மும், எலுமிச்சைச் சாறும், சர்க்கரைப் பாகும் இறங்கின. கடைசியாக ஓர் ஐஸ்கட்டி வந்து விழுந்தது.

“புளிப்பு தூக்கலா இருக்கு. நான் இன்னும் கொஞ்சம் வரணும்” என்றது பாகு.

“நீ வந்தா இது பாயசம்டி. அப்புறம் முந்திரி எங்கேம்பே” என்றது சாறு.

வீட்டுக்காரர் கரண்டியை விட்டு நக்கிப் பார்த்துப் பாகு ஊற்றினார். மறுபடி நக்கி, எலுமிச்சை பிழிந்தார். திரும்பவும் பாகு.

ஐஸ்கட்டி பாதியாகிவிட்டது. “அண்ணே, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. நான் கரையறேன்” என்று ரம்மிடம் கெஞ்சியது.

“பெரியவங்க பேசறப்போ குறுக்கே வராதே தம்பி. உனக்கென்ன ருசியா, மணமா?” என்றது ரம்.

ஐஸ்கட்டி மிளகளவு ஆயிற்று. பிறகு அதுவும் இல்லை.

வீட்டுக்காரர் நக்கினார். “ஆகா! இப்போதான் சரி!”

‘எல்லாம் என்னால்தான்’ என்று சொல்லப் பாகு வாயைத் திறந்தது. ஆனால் வந்தது அதன் குரல் இல்லை. “இப்போ சரியா இருக்கா, அண்ணே?” என்று கேட்டது ஐஸ்கட்டியின் சின்னக் குரல். சாறு அலறப் பார்த்தது. அதன் வாயிலிருந்தும் அதே கேள்விதான் வந்தது. ரம் வாயைத் திறக்கவே இல்லை. அதன் வயிற்றுக்குள்ளிருந்து அதே குரல் கேட்டது.

இன்னொரு டம்ளருக்காக வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். தட்டிலிருந்த ஐஸ்கட்டிகளெல்லாம் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டிருந்தன. கத்தியை வைத்து நெம்பியும் ஒன்றுகூடப் பிரிந்து வரவில்லை.