இரண்டாவது சர்வர்

'இன்னிக்கு மட்டும் கவிழ்ந்தா, நாலு மாச உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்' என்று நினைத்தபடி ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இன்ஜினியர் திரையைப் பார்த்திருந்தாள். மெயின் சர்வருக்கு நேரே சிவப்பு விளக்கு எரிந்தது.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மெயின் சர்வர் போச்சாமே! ஆஸ்பத்திரி முழுக்க நோயாளிங்க நிப்பாங்களேம்மா!"

"யாரும் நிக்கலை சார். இருபதே செகண்ட்ல எல்லா வேலையையும் ரெண்டாவது சர்வர் தானா எடுத்துக்கிச்சு. கீழே சீட்டு போடறவங்களுக்கே தெரியாது."

"வயித்துல பாலை வார்த்தே. சரி, அது ஏன் போச்சு?"

"நான்தான் அணைச்சேன்."

"என்னது! இந்தக் கூட்டத்துலயா?"

"கூட்டம் இல்லாதப்ப தாங்கினா என்ன பெருமை சார்? 'காலை பத்து மணிக்குச் சோதனை'ன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

படிக்காமல் போட்ட கையெழுத்து. அவர் கைகூப்பினார். "போதும் தாயே, முதல்ல அதை ஆன் பண்ணு."

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். "சாயங்காலம் வரைக்கும் ரெண்டாவதே ஓடட்டும் சார். முழு நாள் கூட்டத்தையும் தாங்குதான்னு பார்த்துடலாம்."