ஆறாத கீறல்

தூத்துக்குடியில் மீன் வெட்டி விற்கும் அமலோற்பவத்துக்கு மார்பில் புற்றுநோய். செல்களுக்குள் இருக்கும் இழைகளை இறுக்கி, செல்கள் நகராமல் நிறுத்தும் ஊசியை மாதந்தோறும் போட்டார்கள். புற்று பரவவில்லை. ஆனால் அரிவாள்மனை கிழித்த விரல் மூன்று மாதமாகியும் ஆறவில்லை.

“புண் மூடணும்னா செல்லெல்லாம் நகரணும்மா. ஊசிய நிறுத்தினா புண் ஆறும். புற்றும் நகரும்,” என்றார் டாக்டர்.

அவள் ஊசியை நிறுத்தவில்லை; மீன் வெட்டுவதை விட்டாள்.

ஒருநாள் காலை, மூன்று வயது மகள் ஜெனோவா தூக்கச் சொல்லிக் கைநீட்டி ஓடிவந்தாள். அமலோற்பவம் பின்வாங்கினாள்.

“மொதல்ல பிள்ளைக்கு நகம் வெட்டி விடுங்க,” என்றாள் கணவன் கஸ்பாரிடம்.

அவன் வெட்டினான். பிறகு மகளின் ஒவ்வொரு விரலையும் தன் கன்னத்தில் உரசிப் பார்த்தான்.

“இது இன்னும் கீறுது,” என்றான்.

அமலோற்பவம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.