மட்டையைப் போட்டுவிட்டு ஓடு

கிரிக்கெட் பழகிய செல்வின், தன் முதல் பேஸ்பால் ஆட்டத்தில் மட்டையோடு ஓடி, தொடவேண்டிய தளத்தில் அதை நீட்டித் தேய்த்தபோது மைதானமே சிரித்தது. அப்புறம் பதினோரு வருடம் மாநில அணிக்கு ஆடினார். இப்போது பெண்கள் அணிக்கு அடிக்கக் கற்றுத்தரும் கோச். “அடிச்சதும் மட்டையப் போட்டுட்டு ஓடணும்” என்பதே முதல் பாடம்.

இறுதியாட்டத்தில் ஜெயிக்க ஒரே ரன் வேண்டும். பெனாசிர் ஓங்கி அடித்தாள், மட்டையை வீசினாள், ஓடினாள்.

“ஓடு புள்ள! திரும்பிப் பாக்காத!” செல்வினின் குரல் கூடவே ஓடிவந்தது.

மூன்று தளங்களைத் தொட்டுவிட்டுக் கடைசித் தளத்தில் அவள் பாய்ந்து விழுந்தபோது பந்தும் வந்து சேர்ந்தது. புழுதி அடங்கியதும் நடுவர் குனிந்தார். தளத்தின் மேல் பெனாசிரின் கை. பக்கத்திலேயே அவள் வீசிய மட்டையின் நுனி. மறுமுனையைப் பிடித்தபடி குப்புறக் கிடந்த செல்வின் கேட்டார்:

“உள்ள வந்துட்டோம்லா சார்?”