கொடியில் கிடந்த துண்டு

வெறும் துணி நாப்கின் ஒன்றால் டயபர் கம்பெனி முதலாளி ஒருவரையே சொக்க வைத்தவன் நான்.

மாடி வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னதுமே, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர், "ஆரம்பிச்சுட்டாருய்யா! ஒரு வார்த்தையையும் நம்பாதேம்மா" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டயபர் போட்ட இடமெல்லாம் சிவந்துபோய், மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"துணிக்கு மாறினா சரியாயிடுமா மாமா?"

"கேளும்மா. அந்த முதலாளி ஒருநாள் இங்கே மொட்டை மாடிக்கு வந்தார். படியேறினதுல முகமெல்லாம் அருவி. கொடியில காஞ்ச என் பேத்தியோட நாப்கினைத் துண்டுன்னு நினைச்சு உருவிட்டார்!"

"புளுகு!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"முகம், கழுத்து, வழுக்கை எல்லாத்தையும் துடைச்சார். 'அடடா, பஞ்சு மாதிரி இருக்கே! ஒரு சொட்டு விடாம உறிஞ்சுதே!'ன்னு உருகிட்டார். துவைச்சுத் துவைச்சுப் பழகின துணி, மெத்துன்னு இருக்காதா பின்னே?"

"சுத்தப் பொய்! டயபர்னா போட்டோமா, தூக்கி எறிஞ்சோமான்னு நிம்மதியா இருக்கலாம். இவர் பேச்சைக் கேட்டு நாள் பூரா துவைக்கப் போறியா?"

அவள் குழம்பிப்போய், பையிலிருந்து புது டயபர் ஒன்றை எடுத்துப் பிரிக்கப் போனாள். விடுவேனா? இன்னும் கொஞ்சம் அள்ளிவிட்டேன்.

"அதோட நிறுத்தினாரா? நாப்கினை நெஞ்சோட அணைச்சு, கண்ணை மூடி முத்தம் கொடுத்தாரும்மா!"

எதிர்வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார்.

"யோவ், அநியாயமாப் பேசாதய்யா! முத்தமெல்லாம் கொடுக்கலை. நான் மோந்துதான் பார்த்தேன்!"